பூட்டு இல்லாத நான்கு நாள்

சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டினால் வரும் தம்போயில் ஒரு கடைவரிசையின் முதல் மாடியில் டயாலிசிஸ் நிலையம் ஒன்று இருக்கிறது. கீழே டயர் கடை. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாடை மேலே வரும் என்பதால் எப்போதும் மூடியே வைத்திருப்பார்கள். பதினாறு படுக்கை, பகலில் இரண்டு முறை, மாலையில் ஒரு முறை. சிறுநீரகம் கெட்டவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் வந்து நான்கு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவார்கள். அந்த நிலையத்தின் கம்ப்யூட்டர் வேலைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அதற்கு முன் பதினோரு வருடம் சிங்கப்பூரில் ஒரு கம்பெனியின் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் பாலம் கடந்து போய் வருவது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதும் விட்டுவிட்டேன். பெரிய கம்பெனியில் இருந்தவள், இந்தச் சின்ன இடம் எனக்கு என்ன பெரிய காரியம் என்ற நினைப்பு கொஞ்சம் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

நோயாளி ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை உண்டு. காகித அட்டையை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. இப்போது அது கம்ப்யூட்டரில் ஒரு கோப்பு. எடை எவ்வளவு, உடம்பிலிருந்து எவ்வளவு நீர் எடுக்க வேண்டும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, ரத்தம் குழாயில் உறையாமல் இருக்க ஹெப்பாரின் எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கும். தாதிகளுக்கு மூன்று மேசை, முன்னால் வரவேற்பு மேசை ஒன்று. நான்கு கம்ப்யூட்டரும் அந்த அட்டைகளை ஒரே சர்வரிலிருந்துதான் எடுக்கும். ஒரு மேசையில் ஓர் அட்டையைத் திறந்தால், சர்வர் அதைத் தன் பட்டியலில் குறித்துக்கொண்டு பூட்டிவிடும். வேறு மேசையில் அதே அட்டையைத் திறக்கப் போனால், 'இன்னொருவர் பயன்படுத்துகிறார்' என்று தடுத்துவிடும். ஒருவர் எழுதியதன் மேல் இன்னொருவர் எழுதி அழித்துவிடாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு.

பழைய சர்வர் உறுமத் தொடங்கியிருந்தது. நல்ல மனசுக்காரர் ஒருவர் புதியது வாங்கிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை நிலையம் மூடியிருக்கும். அன்று காலையில் போய் அட்டைகளை எல்லாம் புதிய சர்வருக்கு மாற்றினேன். பழைய சர்வரின் முகவரியையே புதியதற்கும் கொடுத்தேன், மேசைக் கம்ப்யூட்டர்களில் எதையும் தொட வேண்டியிராது என்று. மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. புதிய சர்வரிலேயே ஓர் அட்டையைத் திறந்து படித்துப் பார்த்தேன். படிக்க முடிந்தது. மேசைகளிலிருந்து திறந்து எழுதிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குள் தலைமைத் தாதியிடமிருந்து போன் வந்தது. அவரை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம்.

"என்னம்மா, அட்ட ஒன்னும் தொறக்க மாட்டேங்குது. என்னமோ லாக்ஸ் இல்லன்னு இங்கிலீஷ்ல வருது."

"வர்றேன் சிஸ்டர், பத்து நிமிஷம்."

போய்ப் பார்த்தேன். நான்கு மேசையிலும் அதே வாசகம். பூட்டு எதுவும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அட்டைகள் இருந்தன, ஆனால் பூட்டுப் போட்டுக் கொடுக்கிற சேவைக்கு மேசைகளின் குரல் போய்ச் சேரவில்லை. சர்வரை நிறுத்தித் திரும்ப ஓட்டினேன். மேசைகளையும் அப்படியே செய்தேன். அரை மணி நேரம் போனது. வெளியே நாற்காலிகளில் பதினாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கால் வீங்கிய ஒருவர் இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டுப் படுத்துவிட்டார். ஒரு பெண்மணி மூச்சு வாங்கிக்கொண்டு சுவரைப் பிடித்து நின்றார். வெள்ளிக்கிழமை வந்து போனவர்கள், இரண்டு நாள் இடைவெளிக்குப் பிறகு வருகிறார்கள். உடம்பில் நீர் ஏறியிருக்கும்.

சிஸ்டர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "எவ்ளோ நேரம்மா ஆகும்? மெஷின் எல்லாம் கழுவி ரெடியா இருக்கு."

அப்போதுதான் அதைச் செய்தேன். மேசைக் கம்ப்யூட்டர் சர்வரோடு சேரும்போது 'பூட்டைக் கேட்காதே' என்று ஒரு சொல் சேர்க்கலாம். சேர்த்தால் ஒவ்வொரு மேசையும் தனக்குத்தானே பூட்டிக்கொள்ளும், மற்ற மேசைக்கு அது தெரியாது. இதன் பொருள் எனக்கு நன்றாகத் தெரியும். சிங்கப்பூரில் இப்படிச் செய்த ஒருவரை நானே கூப்பிட்டு ஏசியிருக்கிறேன். நான்கு மேசையிலும் அந்தச் சொல்லைச் சேர்த்தேன். அட்டைகள் திறந்தன. ஞாயிற்றுக்கிழமை வந்து ஒழுங்காகச் செய்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். ஆறு நாள்தானே.

"ஆயிடுச்சா?" என்றார் சிஸ்டர்.

"ஆயிடுச்சு சிஸ்டர்."

தேத்தண்ணியும் கரிபாப் பலகாரமும் வாங்கிக் கொடுத்தார்கள். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஒரே அட்டையைத் திறக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்படியென்றால் சரியாகவில்லையா என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குக் கூச்சப்பட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போனேன்.

வியாழக்கிழமை நானும் என் கணவரும் வடக்கே பாலோ என்ற ஊருக்குக் கிளம்பினோம். வெள்ளிக்கிழமை நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. பள்ளி விடுமுறை என்பதால் பிள்ளைகள் இரண்டு நாள் முன்பே அங்கே போயிருந்தார்கள். வழியில் ஆயர் ஈத்தாமில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும், தன் அக்காவுக்குப் பூச்சட்டி வாங்க வேண்டும் என்று கணவர் ஒரு மண்பாண்டக் கடை முன்னால் காரை நிறுத்தினார். மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. நல்ல வெயில். அவர் சட்டிகளைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் போனில் ஒரு செய்தி வந்தது. மத்தியான வேலைக்கு வரும் தாதி ஒருத்தி அனுப்பியிருந்தாள்.

'அக்கா, ஏழாம் படுக்கை அங்கிளோட அட்டைல நேத்து நான் ஹெப்பாரின் வேணாம்னு எழுதினேன். இப்ப அது இல்ல. நீங்க எதாச்சும் மாத்துனீங்களா?'

படித்தபோது உடனே எதுவும் தோன்றவில்லை. பிறகு திங்கட்கிழமை நான் சேர்த்த அந்தச் சொல் ஞாபகம் வந்தது. அவளைக் கூப்பிட்டேன். அழுதுகொண்டே பேசினாள்.

அந்த அங்கிள் முன்பு லாரி ஓட்டியவர். செவ்வாய், வியாழன், சனி வருவார். புதன்கிழமை பல் டாக்டர் அவருக்கு இரண்டு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருக்கிறார். அன்று மத்தியானமே அங்கிள் நிலையத்துக்குப் போன் செய்து சொல்லிவிட்டார். இவள் பொறுப்பாக நிலையத்து டாக்டரிடம் கேட்டு, வியாழக்கிழமை ஹெப்பாரின் போடக் கூடாது என்று அட்டையில் எழுதினாள். ரத்தம் உறையாமல் தடுக்கிற மருந்து அது. பல் பிடுங்கிய மறுநாள் அதைப் போட்டால் என்ன ஆகும் என்று தெரியத் தாதியாக இருக்க வேண்டியதில்லை. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அவரை மெஷினில் சேர்த்த காலைத் தாதி, அட்டையைப் பார்த்தாள். வழக்கமான அளவு இருந்தது. வழக்கம்போலப் போட்டாள். அவர் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு படுத்திருந்தார். தான் போனில் சொன்னது எழுதியிருக்கும் என்று நம்பி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மணிக்கு இவள் வேலைக்கு வந்தபோது, துண்டை வாயில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். துண்டு முழுக்கச் சிவப்பு.

"மருந்த நிறுத்திட்டோம் அக்கா. டாக்டர் போன்ல இருக்காரு. ஆம்புலன்ஸ் கூப்பிட்டாச்சு. நான் எழுதவே இல்லன்னு சிஸ்டர் ஏசுறாங்க. நான் எழுதினேன் அக்கா. சத்தியமா எழுதினேன்."

"எழுதியிருப்ப மா. நான் கூப்பிடறேன்" என்று சொல்லி வைத்தேன்.

கணவரிடம் போய், வண்டியைத் திருப்புங்கள் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்ததும் சட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். காரில் ஏறிய பிறகு நடந்ததைச் சொன்னேன். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் இது புரிந்தது.

"அப்ப உன் மேல வருமா?"

"என் மேலதான் வரணும்."

சுங்கச்சாவடியைத் தாண்டி நெடுஞ்சாலையில் காரை ஏற்றினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "மொதல்ல போய்ப் பாரு. என்னா ஏதுன்னு தெரிஞ்சிக்கிட்டு அப்புறம் சொல்லலாம். அவசரப்பட்டு வாயக் குடுத்துடாத."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எனக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தில்தான் சொன்னார். எனக்கும் அந்த யோசனை வந்துவிட்டிருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. போய், யாருக்கும் தெரியாமல் நான்கு மேசையிலும் அந்தச் சொல்லை எடுத்துவிட்டால், என்ன நடந்தது என்று அங்கே யாருக்கும் புரியப்போவதில்லை. அந்தப் பெண் எழுத மறந்துவிட்டாள் என்று முடிந்துவிடும். சிம்பாங் ரெங்கம் ஊர்ப் பலகை கண்ணில் படும் வரை அதை மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிஷமோ பத்து நிமிஷமோ தெரியாது. அந்த நேரத்துக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்து இந்த யோசனையைத் தள்ளியது. நான்கு நாள். நான்கு மேசை. அட்டைகள் எத்தனை முறை திறந்து மூடப்பட்டிருக்கும். ஏழாம் படுக்கை மட்டும்தானா? இந்த நிமிஷம் மெஷினில் இன்னும் பதினைந்து பேர் படுத்திருக்கிறார்கள். அவர்கள் உடம்பில் என்ன ஏறிக்கொண்டிருக்கிறது, என்ன இறங்கிக்கொண்டிருக்கிறது என்று சொல்கிற அட்டைகளில் எது சரி, எது அழிந்தது என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

சிஸ்டரைக் கூப்பிட்டேன்.

"சிஸ்டர், அந்தப் புள்ளய ஏசாதீங்க. அவங்க எழுதியிருக்காங்க."

"எழுதியிருந்தா எங்கம்மா போச்சு?"

"இன்னொரு மேசைல அதே அட்டையத் தொறந்து வச்சிருந்திருப்பாங்க. அவங்க பின்னால சேவ் பண்ணப்ப இது அழிஞ்சிருக்கும்."

"அதெப்படி, ரெண்டு பேரு ஒரே அட்டையத் தொறக்க முடியாதே."

"முடியும் சிஸ்டர். திங்கக்கிழம நான் பூட்ட எடுத்துட்டேன். சரி பண்ணல. சரியானாப்பல காட்டினேன்."

அவர் பதில் சொல்லும் முன்பே தொடர்ந்தேன்.

"இப்ப படுத்திருக்கவங்க அட்டைய நம்பாதீங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் வாயால கேளுங்க. இந்த வாரம் டாக்டர் என்ன மாத்தினாரு, என்ன மருந்து, எவ்ளோ தண்ணி. எல்லார்கிட்டயும்."

"எங்க இருக்க நீ?"

"சிம்பாங் ரெங்கம் கிட்ட. வந்துகிட்டிருக்கேன்."

"வா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

கணவர் என்னைப் பார்க்கவில்லை. வேகத்தை மட்டும் கூட்டினார். கூலாய் வரை நான் இருக்கையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதரின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். தொலைக்காட்சிக்கு நேர் எதிர் படுக்கை வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டவர் என்பதைத் தவிர எதுவும் ஞாபகம் வரவில்லை.

நான் மாடி ஏறியபோது ஆம்புலன்ஸ் போயிருந்தது. ஏழாம் படுக்கையின் விரிப்பை எடுத்துவிட்டிருந்தார்கள். தரையில் சோப்புத் தண்ணி ஈரம். சிஸ்டர் கையில் வெள்ளைத் தாள்கள், ஒவ்வொரு நோயாளிக்கும் ஒன்று. கையாலேயே எழுதியிருந்தார்.

"பதினொன்னாம் படுக்க" என்றார். "செவ்வாக்கிழம அவங்களுக்கு மயக்கம் வந்துச்சு. இனிமே தண்ணி கொறச்சு எடுக்கணும்னு டாக்டர் சொன்னாரு. அட்டைல பழைய அளவே இருக்கு. நீ போன் பண்ணப்ப அந்த அளவுலதான் ஓடிக்கிட்டிருந்துச்சு. கேட்டதும்தான் அவங்களே சொன்னாங்க."

திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா கால்களைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துப் படுத்திருந்தார். ரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கியிருந்ததாம். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. இன்னும் ஒரு மணி நேரம் காரில் வாயை மூடிக்கொண்டு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அன்று நினைத்துப் பார்க்கத் தைரியமில்லை. பிறகு பல நாள் பல் துலக்கும்போதுகூட நினைத்திருக்கிறேன்.

முதலில் எல்லா மேசையிலும் அட்டைகளை மூடச் சொன்னேன். அன்று மாலை வரை எல்லாம் தாளில்தான் என்று சிஸ்டர் உத்தரவு போட்டார். பிறகு நான் உட்கார்ந்தேன். எப்போது எந்த அட்டையைத் திறந்தது, என்ன எழுதியது என்று ஒவ்வொரு மேசையும் ஒரு குறிப்பு வைத்திருக்கும். நான்கு மேசையின் குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே நேரத்தில் இரண்டு மேசையில் திறந்திருந்த அட்டைகளைத் தேடினேன். ஐந்து இருந்தன. மூன்றில் பெரிதாக ஒன்றுமில்லை. நான்காவது பதினொன்றாம் படுக்கை. ஐந்தாவது லாரிக்கார அங்கிள்.

அவருடைய அட்டையைப் புதன் காலையிலேயே வரவேற்பு மேசையில் திறந்து வைத்திருந்தார்கள். அவர் போன் எண் மாறியிருந்ததால், அதைத் திருத்துவதற்காக. நடுவில் வேறு வேலை வந்து, சாயங்காலம்தான் சேமித்தார்கள். அதற்குள் தாதி எழுதியிருந்தது, காலையில் திறந்த அந்தப் பழைய அட்டைக்கு அடியில் போய்விட்டது. ஒரு போன் எண்ணுக்காக. இதை நான் வரவேற்பு மேசைப் பெண்ணிடம் சொல்லவில்லை. அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை.

அதன் பிறகுதான் ஞாயிறன்றே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். யார் எதைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியலைப் பழைய சர்வர் தன்னிடம் வைத்திருந்தது. மாறும்போது அந்தப் பட்டியலையும் புதியதிடம் கொடுக்க வேண்டும். அது தொடங்கும்போது மேசைகளைக் கூப்பிட்டு, கையில் இருப்பதைத் திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்டுக் கொஞ்ச நேரம் காத்திருக்கும். விடுமுறைதானே, யார் திறந்து வைத்திருக்கப் போகிறார்கள் என்று நான் அட்டைகளை மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வரவேற்பு மேசை சனிக்கிழமையிலிருந்து அணைக்கப்படாமலே இருந்திருக்கிறது. அதோடு, புதிய சர்வரில் பூட்டுச் சேவை ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் வேறு வேறு போர்ட்டில், அதாவது வாசலில், போய் உட்கார்ந்துகொண்டது. நான் போட்டிருந்த ஃபயர்வால் என்ற பாதுகாப்புச் சுவர் அந்த வாசல்களை மூடிவிட்டது. திங்கட்கிழமை வந்த வாசகத்துக்கு அதுதான் காரணம். சேவைக்கு நிலையான வாசல் ஒன்றைக் கொடுத்து, சுவரில் அதைத் திறந்துவிட்டேன். நான்கு மேசையிலும் அந்தச் சொல்லை எடுத்தேன். எல்லாம் சேர்ந்து நாற்பது நிமிஷ வேலை. திங்கட்கிழமை அந்த நாற்பது நிமிஷத்தைக் கேட்டு வாங்க எனக்கு வாய் வரவில்லை.

வேலை முடிந்ததும் சிஸ்டரைக் கூப்பிட்டேன். "நீங்க அங்க ஒரு அட்டையத் தொறங்க. நான் இங்க அதையே தொறக்கறேன்."

அவர் திறந்தார். என் மேசை தடுத்தது. அதே மாதிரி ஒவ்வொரு மேசையாக மாற்றி மாற்றிப் பன்னிரண்டு முறை செய்ய வைத்தார். போதும் என்று நான் சொல்லவில்லை.

மாலை ஆறு மணிக்கு அரசாங்க மருத்துவமனைக்குப் போனேன். கணவர் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். வார்டில் அங்கிள் வாயில் பஞ்சு அடைத்துப் படுத்திருந்தார். தையல் போட்டிருந்தார்கள். பக்கத்தில் அவருடைய மனைவி. நான் யார் என்று சொல்லி, நடந்ததையும் சொன்னேன். நீளமாகச் சொல்லத் தயாரித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், மூன்று வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

அந்த ஆன்ட்டி என்னை நிமிர்ந்து பார்த்தார். "ரத்தம் நின்னுடுச்சுன்னு டாக்டர் சொன்னாரு" என்றார். பிறகு, "நிக்கலன்னா?" என்று கேட்டார்.

கேட்டுவிட்டு, தன் கணவரின் நெற்றியைத் துடைக்கத் திரும்பிவிட்டார். நான் கிளம்பி வந்துவிட்டேன்.

நிர்வாகக் குழு என்னை அழைத்து விசாரித்தது. என்னை அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். சிஸ்டர் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அவங்க போன் பண்ணலன்னா பதினொன்னாம் படுக்கையும் போயிருக்கும். அதையும் எழுதிக்குங்க" என்றார். வேறு எதுவும் எனக்காகப் பேசவில்லை. என்னை வைத்துக்கொண்டார்கள். ஆனால் ஹெப்பாரினும் நீர் அளவும் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கக் கூடாது, படுக்கையின் கால்மாட்டில் தாளிலும் தொங்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அது சரியான முடிவு. எனக்குச் செய்தி அனுப்பிய அந்தத் தாதி ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை. வேலை விஷயத்தைக்கூடச் சிஸ்டர் வழியாகத்தான் சொல்லி அனுப்பினாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி அக்கா" என்றாள். அவ்வளவுதான்.

லாரிக்கார அங்கிள் அடுத்த வாரம் திரும்ப வந்தார். அதே ஏழாம் படுக்கை. நான் வரவேற்பு மேசையில் வேலையாக இருந்தேன். என்னைக் கூப்பிட்டார். போனேன்.

"நீதானா அது?"

"ஆமா அங்கிள்."

"நானும் வாயத் தொறந்து சொல்லியிருக்கணும் லா. டீவில படம் ஓடிக்கிட்டிருந்துச்சு" என்றார். பெருந்தன்மையாகச் சொன்னார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஆனால் தாதி மருந்து ஊசியை எடுத்துக்கொண்டு வந்ததும், மறு கையால் குழாயை மூடிப் பிடித்துக்கொண்டார்.

"என்ன மருந்து, எவ்ளோ, படி."

தாதி தாளைப் பார்த்துப் படித்தாள்.

"அந்தக் கம்ப்யூட்டர்லயும் பாத்துப் படி."

போய்ப் பார்த்துவிட்டு வந்து அதையும் படித்தாள். அதற்குப் பிறகும் அவர் கையை உடனே எடுக்கவில்லை. இருபது வருடம் லாரி ஓட்டிய கை. இப்போது மூன்று மாதம் ஆகிறது. ஒவ்வொரு செவ்வாயும் வியாழனும் சனியும் அப்படித்தான் செய்கிறார். நான் அங்கே இருக்கும் நாள்களில், அவர் கையை எடுக்கும் வரை வேறு எந்த வேலையும் எனக்கு ஓடுவதில்லை.